ஆறு வாரக் கூலி

மேப்பிள் மரத்துச் சாற்றிலிருந்து சிரப் என்னும் பாகு காய்ச்சி விற்று ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்த ஸ்காட் நியரிங் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "மரத்துச் சாற்றை நம்பி ஓர் ஆண்டு முழுவதையும் ஓட்ட முடியுமா? அவர் உண்மையாகவே அதில் பிழைத்தவரா, இல்லை கையில் காசிருந்தவர் கிராமத்தில் ஆடிய விளையாட்டா அது?" என்பது உங்கள் கேள்வி.

பிழைத்தவர்தான். கையில் கொஞ்சம் காசும் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காததால்தான் அவரைப் பற்றி எழுதுகிறவர்களில் ஒரு சாரார் கும்பிடு போடுகிறார்கள், இன்னொரு சாரார் ஏளனம் செய்கிறார்கள்.

கும்பிடுகிறவர்கள் அவரை முனிவராக்கிவிட்டார்கள். நகரத்தை உதறினார், கல்லால் வீடு கட்டினார், புலால் உண்ணவில்லை, நூறு வயது வாழ்ந்தார், பிறகு தானாகவே உணவை நிறுத்திக்கொண்டு கண்மூடினார். எல்லாம் நடந்ததுதான். ஆனால் இந்தப் பட்டியலில் கொப்பரை எங்கே, விறகு எங்கே, வரவு செலவுக் கணக்கு எங்கே? எனக்கு அவர் முதலில் சிரப் காய்ச்சியவர். அவருடைய கல் வீடு, எழுத்து, ஓய்வு எல்லாம் ஆண்டுக்கு ஆறே வாரம் நடக்கும் அந்த வேலையிலிருந்து கிளைத்தவை. அதைப் புரியவைக்க ஆளைச் சற்று நேரம் நிற்கவைத்துவிட்டு மரத்திலிருந்து தொடங்குகிறேன்.

வட அமெரிக்காவின் வடகிழக்கில் வளரும் சர்க்கரை மேப்பிள், கோடையில் இலைகள் உண்டாக்கிய சத்தை மாவுச்சத்தாகத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்துக்கொண்டு குளிர்காலத்தைக் கடக்கிறது. குளிர் தணியும் நேரத்தில் அந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறிச் சாற்றில் கலக்கிறது. அந்தச் சாறு வெளியே வர இரவில் கடுங்குளிர் வேண்டும், பகலில் இளவெயில் வேண்டும். இரவில் உறையும்போது மரநார்களுக்குள் இருக்கும் காற்று ஒடுங்கி, வேரிலிருந்து நீரை மேலே இழுக்கிறது. பகலில் உறைநிலைக்கு மேல் நாலைந்து டிகிரி ஏறி உருகும்போது, ஒடுங்கிய காற்று விரிந்து, துளை கிடைத்த இடத்தில் சாற்றை வெளியே தள்ளுகிறது. தொடர்ந்து குளிர் என்றாலும் சொட்டு வராது, தொடர்ந்து வெயில் என்றாலும் வராது. இரண்டும் மாறி மாறி வர வேண்டும்.

அப்படி மாறி மாறி வரும் நாட்கள் பிப்ரவரி கடைசிக்கும் ஏப்ரல் நடுவுக்கும் இடையில் இருக்கின்றன. வெர்மான்ட் மாநிலத்தில் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம் நடக்கும். அதற்குள் மரங்களில் துளையிட்டுவிட வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கு. சாறு ஓடுவது எல்லாம் சேர்ந்து நான்கு வாரம், போனால் ஆறு வாரம். கிளைகளில் மொட்டு வீங்கத் தொடங்கியதும் சாற்றில் ஒரு வேண்டாத வாடை ஏறிவிடும். அதோடு வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

துளையிட ஏற்ற மரம் என்றால் அடிமரத்தின் குறுக்களவு பத்து, பன்னிரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். அந்தப் பருமனுக்கு வர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடிக்கும். அதனால் இந்தத் தொழிலில் நட்டவர் ஒருவர், காய்ச்சுகிறவர் வேறொருவர் என்பதுதான் வழக்கமான நிலை. 1938 செப்டம்பரில் நியூ இங்கிலாந்துப் பகுதியைத் தாக்கிய பெரும் புயலில் ஏராளமான மேப்பிள் தோப்புகள் சாய்ந்தன. தோப்பை இழந்தவர் புதிதாக நட்டாலும் அதில் சாறு பார்ப்பது அவருடைய பேரப்பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

துளையிலிருந்து வருவது தண்ணீர்போலத் தெளிந்திருக்கும். நாக்கில் விட்டால் இனிப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். பதநீர் குடித்துப் பழகியவருக்கு அது பெரிய ஏமாற்றம். சர்க்கரை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆகவே ஒரு லிட்டர் சிரப்புக்கு ஏறக்குறைய நாற்பது லிட்டர் சாறு வேண்டும். ஒரு துளையில் ஒரு பருவம் முழுவதும் சேர்வதே அந்த நாற்பது லிட்டர்தான். ஒரு துளைக்கு ஒரு லிட்டர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மீதிக் கணக்கு தானாக வரும். ஆயிரம் துளை போட்ட தோப்பு என்று வைத்துக்கொள்வோம். நாற்பதாயிரம் லிட்டர் சாற்றைத் தோளிலும் சறுக்குவண்டியிலும் சேகரித்து, அதில் முப்பத்தொன்பதாயிரம் லிட்டரை ஆவியாக்கிக் கூரை வழியாக வானத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரத்துக்கு அடுக்கிய விறகுக் குவியல்கள் பத்து எரியும். விறகு காய்ந்திருக்க வேண்டுமென்றால் முந்தைய ஆண்டே வெட்டிப் பிளந்து அடுக்கியிருக்க வேண்டும். சிரப் விலை அதிகம் என்று அலுத்துக்கொள்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்வது என் வழக்கம்.

சாறு காத்திருக்காது. இன்று வந்ததை இன்றோ நாளையோ காய்ச்சாவிட்டால் புளிக்கத் தொடங்கிவிடும். நன்றாக ஓடும் நாளில் அடுப்பு நள்ளிரவு தாண்டியும் எரியும். ஒரு மார்ச் மாதம் வெர்மான்ட்டில் அப்படியொரு கொட்டகைக்குள் நின்றிருக்கிறேன். கூரையின் உச்சியில் ஆவி போவதற்கென்றே ஒரு சிறு கூரை தனியாகத் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. அப்படியும் எதிரே நிற்பவரின் முகம் தெரியவில்லை. அகன்ற தட்டையான தகரக் கொப்பரை, உள்ளே தடுப்புத் தடுப்பாகப் பிரித்திருந்தது. ஒரு முனையில் பச்சைச் சாறு இறங்குகிறது, தடுப்புகளைச் சுற்றிச் சுற்றி நகர்ந்து மறுமுனைக்கு வரும்போது பாகாகிறது. சட்டையிலும் தலைமயிரிலும் இனிப்பு வாடை ஏறிக்கொண்டு இரண்டு நாள் போகவில்லை.

பதம் பார்ப்பதுதான் கலை. தண்ணீர் கொதிக்கும் நிலையைவிட ஏறக்குறைய நான்கு டிகிரி செல்சியஸ் மேலே போனால் சிரப் என்று வெப்பமானி சொல்லும். ஆனால் தண்ணீர் கொதிக்கும் நிலையே காற்றழுத்தத்தைப் பொறுத்து அன்றாடம் சிறிது மாறும். ஆகவே அனுபவசாலிகள் தினமும் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெப்பமானியை நம்புவார்கள். இன்னும் பழைய ஆட்கள் அகன்ற கரண்டியில் முகர்ந்து சாய்ப்பார்கள். பதம் வராதது சொட்டுச் சொட்டாக விழும். பதம் வந்தது விளிம்பு நெடுகச் சேர்ந்து தகடுபோல் தொங்கிப் பிறகு விழும். அந்தக் கணத்தைத் தவறவிட்டால் கொப்பரை கருகும், அன்றைய உழைப்போடு தகரமும் போகும். பாகு பொங்கி வழியப் பார்க்கும்போது ஒரு சொட்டுப் பாலாடை விடுவார்கள், பொங்கல் பொட்டென்று அடங்கும். சிலர் கொப்பரைக்கு மேலே பன்றிக் கொழுப்புத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு, நுரை அதைத் தொட்டதும் இறங்கிவிடும் என்பதால். நம் ஊரில் கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவதும் இதே காரணத்துக்குத்தான். இரண்டு இடத்திலும் கண்டுபிடித்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது.

பருவத்தின் தொடக்கத்தில் காய்ச்சியது பொன்னிறமாக இருக்கும், விலையும் கூடுதல். முடிவை நெருங்க நெருங்க நிறம் கருத்து மணம் கனக்கும். எனக்குக் கடைசி வாரத்துக் கருத்த சிரப்தான் பிடிக்கும். விலை குறைவு என்பதும் ஒரு காரணம்.

இனி ஆளுக்கு வருவோம்.

ஸ்காட் நியரிங் 1883 ஆகஸ்ட் 6 அன்று பென்சில்வேனியாவில் மோரிஸ் ரன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். சுரங்கத்தின் மேலாளர் அவருடைய தாத்தா. முதலாளித் தரப்பு வீட்டில் பிறந்த பிள்ளை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டே, ஆலைகளிலும் சுரங்கங்களிலும் சிறுவர்களை வேலை வாங்குவதை மேடை மேடையாக எதிர்த்தது. 1915-இல் பல்கலைக்கழகம் அவரை விலக்கியது. கல்விச் சுதந்திரம் பற்றிய பேச்சில் இன்றும் அடிபடும் வழக்கு அது. டொலிடோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. போரை எதிர்த்ததால் 1917-இல் அதுவும் போயிற்று. போருக்கு எதிராக எழுதிய சிறு நூலுக்காக அரசு அவர்மேல் உளவுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. 1919-இல் வந்த தீர்ப்பு விசித்திரமானது: எழுதியவர் குற்றமற்றவர், வெளியிட்ட சங்கத்துக்கு 3,000 டாலர் அபராதம். பிறகு 1927-இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கட்சியின் ஒப்புதல் இல்லாமல் ஏகாதிபத்தியம் பற்றிப் புத்தகம் வெளியிட்டதில் 1930-இல் அந்த உறவும் முறிந்தது. நாற்பத்தேழு வயதில் அவரைச் சேர்த்துக்கொள்ள வகுப்பறையும் இல்லை, கட்சியும் இல்லை, நூல்களை ஏற்கப் பெரிய பதிப்பகங்களும் இல்லை.

ஹெலன் நோத் அவரைவிட இருபது வயது இளையவர், 1904-இல் பிறந்தவர். பெற்றோர் பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர்கள், வீட்டில் சைவ உணவு. வயலின் கற்க ஐரோப்பா போன பெண். அங்கே 1921-இல் நெதர்லாந்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சந்தித்தார். 1909-இல் சென்னை அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபையார் கண்டெடுத்து, உலக குருவாகும் என்று வளர்த்த அதே பிள்ளைதான். சில ஆண்டுகள் அந்த வட்டத்தில் நெருக்கமாக இருந்தார் ஹெலன். உலக குருவின் தோழமையிலிருந்து கொப்பரை அடுப்புக்கு வந்த பெண் என்று அவரைப் பற்றி நான் சொல்வதுண்டு, கொஞ்சம் விளையாட்டாக. 1928 முதல் ஸ்காட்டோடு சேர்ந்து வாழத் தொடங்கினார். ஸ்காட்டின் முதல் மனைவி இறந்த பிறகு 1947-இல்தான் திருமணம் செய்துகொண்டார்கள்.

1932-இல், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில், நியூயார்க்கின் மலிவு வாடகை வீட்டை விட்டு வெர்மான்ட்டின் தென்பகுதி மலையடிவாரத்தில் பைக்ஸ் ஃபால்ஸ் என்ற இடத்துக்குப் போனார்கள். 65 ஏக்கர், ஓட்டை வீடு ஒன்று. முந்நூறு டாலர் ரொக்கம், எண்ணூறு டாலர் அடமானக் கடன். அப்போது மேப்பிள் அவர்கள் திட்டத்திலேயே இல்லை. பிறகு பக்கத்துத் தோப்பு விலைக்கு வந்தபோது வாங்கினார்கள். மேப்பிள் மரங்களும் காய்ச்சும் கொட்டகையும் அதோடு வந்தன. வேலை தெரியாது. ஆகவே அண்டைக் குடும்பம் ஒன்றோடு விளைச்சலில் பங்கு என்று பேசிக்கொண்டு அவர்களிடமே கற்றுக்கொண்டார்கள். பேராசிரியர் ஐம்பதாவது வயதில் மாணவராக உட்கார்ந்தார் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அந்த வேலையில் உட்காரவே நேரம் இருக்காது.

இங்கேதான் பொருளாதாரம் படித்த மூளை வேலை செய்தது. கிராமத்தில் காய்கறி, பழம், விறகு, வீடு எல்லாவற்றையும் உழைப்பால் அடைந்துவிடலாம். ஆனால் வரி, ஆணி, கண்ணாடி, தபால்தலை, வண்டிக்கு எரிபொருள் இவற்றுக்கு ரொக்கம் வேண்டும். அந்த ரொக்கத்தை எதிலிருந்து எடுப்பது? பால்மாடு வைத்தால் ஆண்டின் எல்லா நாளும், விடியலிலும் மாலையிலும் தொழுவத்தில் நிற்க வேண்டும். வெர்மான்ட் பண்ணைகளில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன. இவர்கள் மாடு, குதிரை, கோழி எதுவும் வளர்க்கவில்லை. விலங்குகளை அடிமையாக்கக் கூடாது என்பது கொள்கை, ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் நேரக் கணக்கையும் ஸ்காட் கண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். மேப்பிளோ ஆறு வாரம் ஆளைப் பிழிந்துவிட்டு மீதி நாட்களை விட்டுவிடுகிறது. அதுவும் தோட்டத்தில் மண் இன்னும் உறைந்து கிடக்கும், வேறு எந்த வேலையும் செய்ய முடியாத காலத்தில். காய்ச்சி முடிக்கவும் மண் இளகவும் சரியாக இருக்கும்.

ஆண்டுத் தொடக்கத்தில் அந்த ஆண்டுக்கு எவ்வளவு ரொக்கம் வேண்டும் என்று எழுதிக்கொள்வார்கள். அதற்கு எவ்வளவு சிரப், எவ்வளவு சர்க்கரைக் கட்டி என்று கணக்கிடுவார்கள். அந்த அளவு கிடைத்ததும் விற்பனைக்கான உழைப்பை நிறுத்திவிடுவார்கள். கூடுதலாகக் காய்ச்சிக் கூடுதலாகச் சேர்ப்பது என்பது அவர்கள் நடைமுறையில் இல்லை. நிலம் வாங்கிய அந்த அடமானத்தைத் தவிரக் கடன் வாங்குவதில்லை, வட்டி வாங்குவதுமில்லை. சிரப்பைச் சிரப்பாக விற்பதைவிட இன்னும் காய்ச்சிச் சர்க்கரையாக்கி, சிறு சிறு அச்சுகளில் வார்த்து விற்றால் மதிப்புக் கூடும் என்பதையும் கண்டுகொண்டார்கள். ஒரு நாளை நான்கு மணி நேரம் வயிற்றுக்கான உழைப்பு, நான்கு மணி நேரம் தன் விருப்பத் தொழில், நான்கு மணி நேரம் பிறரோடு பழக என்று பிரித்தார்கள். ஆண்டையும் அப்படியே: ஆறு மாதம் பிழைப்பு, ஆறு மாதம் படிப்பு, எழுத்து, பயணம். பிற்காலத்தில் இளைஞர்கள் மனப்பாடம் செய்த இந்த 'நான்கு, நான்கு, நான்கு' கணக்கு பால்காரர் வீட்டில் சாத்தியமே இல்லை. மேப்பிள் இருந்ததால் நடந்தது.

கிடைத்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்றால், கல் அடுக்கினார்கள். எர்னஸ்ட் ஃபிளாக் என்ற கட்டடக் கலைஞர் வகுத்த முறை ஒன்று உண்டு. பலகையால் அச்சுப்பெட்டி கட்டி, உள்ளே கல்லை வைத்துக் கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் பலகையை மேலே நகர்த்துவது. கொத்தனார் கைத்திறன் இல்லாதவர்களும் சுவர் எழுப்பிவிடலாம். அப்படி வீடு, கொட்டகை, விருந்தினர் அறை என்று ஒவ்வொன்றாக எழுப்பினார்கள். 1945-இல் ஸ்காட்டின் அறுபத்திரண்டாவது பிறந்தநாள் அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. அன்றே அவர் அதிபர் ட்ரூமனுக்கு, உங்கள் அரசு இனி என் அரசு இல்லை என்று எழுதி அனுப்பினார். தோட்டத்து ஆகஸ்ட் வேலைக்கு நடுவில் எழுதிய கடிதம்.

மேப்பிள் சர்க்கரையின் பழங்கதை ஒன்றும் ஸ்காட்டின் வாழ்க்கையோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அபெனாக்கி முதலான பூர்வகுடிகள் மேப்பிள் சாற்றைச் சேகரித்து இனிப்பாக்கினார்கள். பிர்ச் மரப்பட்டைத் தொட்டியில் சுட்ட கல்லைப் போட்டுக் கொதிக்கவைத்தார்கள், இரவில் உறையவிட்டு மேலே படியும் பனிக்கட்டியை எறிந்தும் சாற்றைக் கெட்டியாக்கினார்கள். 1790-களில் அடிமை முறையை எதிர்த்தவர்களின் கண் இதன்மேல் விழுந்தது. கரும்புச் சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைத் தோட்டங்களிலிருந்து வந்தது. மேப்பிள் சர்க்கரையோ சொந்தக் காட்டில், சொந்தக் கையால் செய்வது. ஃபிலடெல்பியாவின் மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1791-இல் தாமஸ் ஜெஃபர்சனுக்கு மேப்பிள் மரத்தின் பெருமைகளை விளக்கி நீண்ட கடிதம் எழுதினார். ஜெஃபர்சன் அதே ஆண்டு வெர்மான்ட் பக்கம் பயணம் போய் வந்து, வர்ஜீனியாவில் தன் தோட்டத்திலும் மேப்பிள் கன்றுகள் நட்டார். தழைக்கவில்லை. அந்தக் கன்றுகள் நின்ற தோட்டமே அடிமைகளின் உழைப்பில் நடந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. இதில் இன்னொரு முடிச்சு: ரஷ் கற்பித்ததும், நூறாண்டுக்கும் மேல் கழித்து ஸ்காட்டை வெளியே அனுப்பியதும் ஒரே பல்கலைக்கழகம்.

ஒரு சிரப் பருவத்தில் எழுத்தாளர் பேர்ல் பக்கும், பதிப்பாளரான அவர் கணவர் ரிச்சர்ட் வால்ஷும் பார்க்க வந்தார்கள். இதை ஏன் புத்தகமாக எழுதக் கூடாது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். 1950-இல் ஸ்காட்டும் ஹெலனும் சேர்ந்து எழுதிய மேப்பிள் சர்க்கரை நூல் வந்தது. துளையிடும் முறையிலிருந்து பழைய வரலாறு வரை அதில் உண்டு, இருபதாம் நூற்றாண்டில் முன்னோடி வாழ்க்கை வாழ்வது பற்றிய குறிப்புகளும் உண்டு. புகழ் கொடுத்தது அது இல்லை. 1954-இல் அவர்களே அச்சிட்டு வெளியிட்ட, வெர்மான்ட் வாழ்க்கையைப் பற்றிய அடுத்த நூல் 1970-இல் மறுபதிப்பானபோது, மண்ணுக்குத் திரும்புவோம் என்று கிளம்பிய தலைமுறையின் கையில் கைவிளக்குபோல ஆயிற்று. எனக்கு முதல் நூல்தான் பெரிது. இரண்டாவதில் உபதேசம் கொஞ்சம் தூக்கல், முதலாவதில் கொப்பரை பேசுகிறது.

இப்போது ஏளனம் செய்கிறவர்கள் பக்கம். அவர்கள் பிற்காலத்தில் குடியேறிய மேய்ன் மாநிலத்தில் பக்கத்து நிலத்தில் வாழ்ந்த ஒருவர் 2003-இல் எழுதிய புத்தகத்தில், ஹெலனுக்கு நண்பர் ஒருவர் விட்டுச்சென்ற தொகையும் ஸ்காட்டுக்குக் குடும்ப வழியில் வந்த பணமும் இருந்தன, அவற்றைத் தங்கள் நூல்களில் அவர்கள் மறைத்தார்கள் என்று எடுத்துக்காட்டினார். அந்த நூல்களை நம்பி, கையிருப்பு இல்லாமல் மலையேறிய இளம் குடும்பங்கள் பல திண்டாடின என்பதால் இந்தக் கோபம் நியாயமானது. பணம் இருந்ததை மறைத்து எளிமையைப் போதிப்பது எனக்கும் உறுத்துகிறது. குழந்தைகளை உடன் வைத்து வளர்க்காத இரண்டு பேரின் ஆண்டுக் கணக்கை நான்கு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அப்படியே மாட்டிவிட முடியாது என்பதும் உண்மை. ஊரோடு அவர்கள் முழுக்க ஒட்டவில்லை. வெர்மான்ட் அண்டை வீட்டார்களுக்கு இந்தப் பச்சைக் காய்கறிக் கூட்டமும் மணிக்கணக்கு வேலையும் வேடிக்கையாக இருந்தன. கூட்டுவாழ்க்கை ஒன்றை உருவாக்கும் முயற்சியில் தோற்றோம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த ஒப்புதலுக்காக ஸ்காட்டின்மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஆனால் வாரிசுப் பணம் விறகு பிளக்காது. ஏறக்குறைய இருபது பருவம் சாறு ஓடியதும் காய்ந்ததும் சிரப் விற்றதும் நடந்தவை. ஆண்டு ரொக்கத் தேவையைக் குறைத்துக்கொண்டு, அதை ஆறு வாரத்தில் ஈட்டும் கணக்கு பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரியாகத்தான் வரும். இடறிவிழுந்த நாளில் தாங்குவதற்கு அடியில் வலை இருந்ததா என்பது வேறு விஷயம். அவர்களுக்கு இருந்தது, அவர்களைப் பார்த்துப் புறப்பட்டவர்களுக்கு இல்லை. உங்கள் கேள்விக்கு நான் 'இரண்டும்' என்று சொன்னது இதனால்தான்.

1952-இல் வெர்மான்ட்டை விட்டுப் போனார்கள். சுற்றிலும் பனிச்சறுக்கு வியாபாரம் வளரத் தொடங்கியிருந்தது, பார்க்க வருகிறவர்கள் கூட்டம் தாங்கவில்லை. போவதற்கு முன்பு எழுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை வின்ஹால் ஊருக்கே பொதுக்காடாக எழுதிக் கொடுத்தார்கள். மேய்ன் கடற்கரையில் ஹார்பர்சைடு என்ற இடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது ஸ்காட்டுக்கு வயது அறுபத்தொன்பது ஆகவிருந்தது. அங்கே மேப்பிள் தோப்பு இல்லை. ரொக்கத்துக்கு எதைப் பிடித்தார்கள் தெரியுமா? புளூபெர்ரி. அதுவும் சில வாரங்களே பறிக்கும் பயிர். பின்னாளில் இயற்கை வேளாண்மையில் பெயர்பெற்ற எலியட் கோல்மனுக்கு 1968-இல் நிலத்தில் ஒரு பகுதியை விற்றபோது, ஏக்கர் 33 டாலர் என்று தாங்கள் வாங்கிய விலைக்கே கொடுத்தார்கள். சந்தை விலை எங்கேயோ போயிருந்தது. சொன்னபடி நடந்துகொண்ட இடம் அது என்று அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

தொழில் அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால், ஆளே மாறிவிட்டது. 1959-இல் வெர்மான்ட்காரர் ஒருவர் பிளாஸ்டிக் குழாய் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாளிகள் போய், மரத்துக்கு மரம் நீலக் குழாய் ஓடி, சாறு தானே கொட்டகைக்கு இறங்குகிறது. 1970-கள் முதல், நாம் குடிநீர் சுத்திகரிக்கும் அதே சவ்வு முறையால் சாற்றிலிருந்து பெருமளவு நீரை அடுப்பேற்றும் முன்பே பிரித்துவிடுகிறார்கள். விறகுச் செலவு பல மடங்கு குறைந்தது. உலக உற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் கனடாவின் கியூபெக் மாகாணமும், அமெரிக்க உற்பத்தியில் ஏறக்குறைய பாதியை வெர்மான்ட்டும் செய்கின்றன. குளிர்காலம் முன்கூட்டியே இளகிவிடுவதால் துளையிடும் நாள் இப்போது ஜனவரிக்கே நகர்ந்துவிட்ட தோப்புகளும் உண்டு. மார்ச் ஊர்க்கூட்டத்தை நாட்காட்டியாக வைத்திருந்தவர்களுக்கு இது கஷ்டமான மாற்றம்.

வெளியே அனுப்பிய பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1973-இல், அதாவது ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, ஸ்காட்டுக்குப் பொருளாதாரத்தில் மதிப்புறு ஓய்வுநிலைப் பேராசிரியர் பட்டம் கொடுத்தது. தொண்ணூறை நெருங்கியவர் அதை வாங்கிக்கொண்டார். நூறாவது பிறந்தநாளுக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் முன்பு, சாப்பாட்டு மேசையில், இனி நான் சாப்பிடப்போவதில்லை என்றார். ஹெலன் தடுக்கவில்லை. முதலில் பழச்சாறு, பிறகு தண்ணீர் மட்டும். 1983 ஆகஸ்ட் 24 அன்று, நூறு வயது முடிந்து பதினெட்டாம் நாள், வீட்டிலேயே இறந்தார். ஹெலன் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1995-இல் வீட்டுக்கு அருகே கார் விபத்தில் இறந்தார்.

தன் உடலை என்ன செய்ய வேண்டும் என்று ஸ்காட் 1963-லேயே எழுதிவைத்து, இரண்டு முறை திருத்தியும் இருந்தார். மருத்துவர் வேண்டாம், பாதிரியார் வேண்டாம், பிணத்தைப் பதப்படுத்தும் தொழிலாளர் வேண்டாம். சாதாரணப் பலகைப் பெட்டி, ஸ்புரூஸோ பைனோ போதும். எரித்த சாம்பலை வளைகுடாவைப் பார்த்து நிற்கும் தங்கள் நிலத்து மரம் ஒன்றின் அடியில் தூவ வேண்டும். உடலுக்கு என்ன உடுத்துவது என்பதற்கும் ஒரு வரி இருந்தது. வேலைக்குப் போடும் உடுப்பு.